உப்புக் கிணற்று வீட்டுக்கு வந்த ஹார்மோன் சார்

செடிகொடிகளிடம் ‘வாங்க, போங்க’ என்று மரியாதை கொடுத்துப் பேசியவர், எனக்குத் தெரிந்து தர்மபுரி ஜில்லாவிலேயே ஒருவர்தான். எழுபதுகளில் கடத்தூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு வந்த விவசாய ஆபீசர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்குத் தெரியும்? எங்களுக்கு அவர் ஹார்மோன் சார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு மருந்துப் புட்டி. செடிக்குள்ளேயே ஹார்மோன் என்று ஒரு சாரம் ஊறுகிறதாம். ‘முளை, வளர்’ என்று உத்தரவு போடுவது அதுதானாம். உப்பு மண்ணில் அது சுண்டிப்போகுமாம். விதையை இவருடைய மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தால் செடி தாக்குப்பிடிக்குமாம். எங்கள் மணியக்காரர் வழுக்கைத் தலையை நீட்டியதும், இது கொத்தமல்லிக்கு என்று விரட்டிவிட்டார்.

அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கிணறோ உப்புக் கிணறு. வந்தவர்கள் எல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். இண்டூர்ச் சம்பந்தமும் தட்டிப்போனால் நான் கட்டை பிரம்மச்சாரிதான். அறுவடை முடிந்து வருகிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். அதற்குள் வாசலோரம் பச்சைப்பசேலென்று நாலு பாத்தி கொத்தமல்லி நின்றால் போதும் என்று அப்பா கணக்குப் போட்டு, சாரைக் கூப்பிட்டார்.

அந்த மகானுபாவர் இரண்டு பாத்தியில்தான் மருந்து விதை போட்டார். மற்ற இரண்டில் சும்மா விதை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்! அப்பா கெஞ்சியும் அசையவில்லை. இண்டூர்க்காரர்கள் வந்த அன்று ஒரு பக்கம் செழித்து நின்றது. மறுபக்கம் நுனி கருகிச் செத்துக்கொண்டிருந்தது. அப்பா அதை வைக்கோல் போட்டு மூடினார். சார் வந்து வைக்கோலை வாரிப் போட்டுவிட்டு, பெண்ணின் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். தண்ணீர் உப்புதான், மருந்து அதை மாற்றாது, தாங்குகிற தெம்பை மட்டும் கொடுக்கும் என்று பாடம் நடத்தினார். அவர் கழுத்தை நெரிக்க எனக்குக் கை துறுதுறுத்தது.

பெரியவர் பச்சையையும் கருகலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏனுங்க, எம் பொண்ணுக்கும் அதுல நாலு சொட்டு குடுப்பீங்களா?”

சார் சிரிக்கவே இல்லை. “இது செடிக்குத்தாங்க. பொண்ணுக்குன்னா, பையன் தெனம் நல்ல தண்ணி கொண்டாந்து குடுக்கணும்.”

பெரியவர் என் பக்கம் திரும்பினார். “கொண்டாருவீங்களா மாப்ள?”

கல்யாணம் நடந்தது. ஊருக்குக் குழாய் வரும்வரை சைக்கிளில் குடம் கட்டிச் சுமந்தேன். ஊரே கேலி பேசியது. மேட்டில் என்னைப் பார்த்துவிட்டால் சார் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளுவார். அவர் மாற்றலாகிப் போன பிறகுதான், அந்த மேடு அவ்வளவு செங்குத்து என்று எனக்குத் தெரிந்தது.