பதினோரு கொக்கிகள்

சிவகாசியில் யாருடைய ஆங்கிலமும் கொக்கியாரிடம் தப்பியதில்லை. பட்டாசுக் கம்பெனியில் கடிதம் எழுதும் குமாஸ்தா அவர். 'இஃப்', 'தோ', 'பிகாஸ்', 'அன்லெஸ்' என்று ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு மாட்டுகிற சொற்களுக்கு அவர் வைத்த பெயர் கொக்கி. அவற்றை எண்ணியே எழுதியவர் எந்த வகுப்பு என்று சொல்லிவிடுவார். பிழைகளைப் பார்க்கவே மாட்டார். அலுவலக வாசலைத் தாண்டும் ஆங்கிலத் தாள் எதையும் எண்ணாமல் விடவும் மாட்டார்.

முதலாளி எழுதிய வாழ்த்துக் கடிதத்தையும் எண்ணினாராம்.

"நீங்க ஆறாங்கிளாஸ், முதலாளி."

"நான் அஞ்சோட நின்னவன்யா," என்று முதலாளி பூரித்துப்போனாராம்.

அந்தக் கொக்கியாரிடம்தான் டைப்பிஸ்ட் வேலை கேட்டுப் போனேன். கணவர் வேலையில்லாமல் இருந்த சமயம். எனக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். பத்து மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டு மலையாள நர்ஸிடம் விட்டிருந்தேன்.

"வார வழியில பாத்தத இங்கிலீஷ்ல எழுதுங்க," என்றார்.

தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் பொடிப்பொடி வாக்கியங்களாக எழுதினேன். பஸ் வந்தது. நான் ஏறினேன். மழை இல்லை.

"ஒரு தப்புகூட இல்லம்மா."

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒரு கொக்கியும் இல்ல. மூணாங்கிளாஸ். இந்த வேலைக்குப் பத்தாது. இருங்க, முதலாளி வந்ததும் சொல்லிட்டுப் போகலாம்."

காத்திருந்தபோது குழந்தை நினைப்பு அரித்தது. நர்ஸுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி, சைக்கிளில் கிளம்பிய பியூனிடம் கொடுத்தேன். வாசலிலேயே கொக்கியார் அதைப் பிடுங்கிக்கொண்டார். அழுதால் பால் கொடுங்கள், ஆனால் தூக்கத்தில் அழுதால் வேண்டாம், விக்கினால் ஒழிய முதுகில் தட்டாதீர்கள், தட்டினாலும் மெல்ல, ஏனென்றால் காலையில் கக்கினாள், அது வெயிலாலா வாழைப்பழத்தாலா என்று தெரியாவிட்டாலும்...

சிவப்புப் பென்சில் சுழித்துக்கொண்டே போனது.

"பதினோரு கொக்கி."

"தப்பும் அம்புட்டு இருக்குமே, சார்."

"அத யாரு பாத்தா? இப்படி ஆனா என்ன, அப்படி ஆனா என்னன்னு பயப்படுறவுகதாம்மா பட்டாசுக் கம்பெனிக்கு வேணும். நாளைக்கே வந்திருங்க." பிறகு பியூனிடம் திரும்பினார். "ஏலே, நிக்காத. பிள்ளைக்கு விக்கிரப் போகுது."

மூன்று வருடம் அவர் மேஜைக்கு எதிரே வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் மகள் வீட்டுக்குப் போனவரிடமிருந்து நேற்று ஓர் ஆங்கிலக் கடிதம். நலம். கடல் அருகில் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்கவேண்டும். கூட்டி வாருங்கள்.

எண்ணிப் பார்த்தேன். ஒரு கொக்கிகூட இல்லை. சுத்தமாக மூன்றாம் வகுப்பு.

கடல் காற்று அடித்தால் குழந்தைக்குக் குல்லா போடுவதா, போட்டு வியர்த்தால் கழற்றுவதா என்று யோசித்தபடியே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.