திரைக்குப் பின்னால் மூன்று இருமல்

உலக இசை வரலாற்றை இனி இரண்டாகப் பிரித்தாக வேண்டும்: எங்கள் இசைக்குழு திரை கட்டுவதற்கு முன், கட்டிய பின். குழுவின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்தோடு சொல்கிறேன்.

எங்களிடம் 'பன்முகத்தன்மை' இல்லை என்று ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. தலைவர் துடித்துப்போனார்.

"என்னய்யா இல்ல? வயலின் பெரிய மாப்பிள்ளை, செல்லோ சின்ன மாப்பிள்ளை, டிரம் என் மச்சான். மூணும் மூணு வேற வேற குடும்பம்!"

"பொண்ணுங்க இல்லைன்னு எழுதியிருக்கான், தலைவரே. வெளியாளுங்களும் இல்லையாம்."

"பொண்ணுங்கதான் கேக்க வர்றாங்களே, அது போதாதா?"

அவசரக் கூட்டம் கூடியது. பிஸ்கட் தீரும்வரை ஆழமாக விவாதித்து, காலியாக இருந்த ஹார்ன் இடத்துக்குத் திரை கட்டித் தேர்வு நடத்துவதென்று தீர்மானித்தோம். (ஹார்ன் என்றால் லாரியில் இருப்பது அல்ல, வளைத்துச் சுருட்டிய பித்தளைக் குழல்.) வாசிப்பவர் திரைக்குப் பின்னால், நடுவர்கள் முன்னால். பேசக் கூடாது. நடையை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடாதபடி செருப்பையும் கழற்றிவிட வேண்டும். இதைவிட நேர்மை எங்கே கிடைக்கும்?

நேர்மைக்கு ஒரு சின்ன ஒத்தாசையாக, தலைவர் தன் தங்கை மகனிடம் மட்டும் சொல்லிவைத்தார்: "வாசிக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை இருமு, மாப்ளே. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

விண்ணப்பித்தவர்கள் இரண்டே பேர். எங்கள் நேர்மை அவ்வளவு ஊரறிந்தது.

திரை பல வருஷம் சாமான் அறையில் சுருண்டு கிடந்தது. உதற யாருக்கும் நேரமில்லை. முதலில் வந்தவர் பின்னால் உட்கார்ந்ததும் தூசி மூக்கில் ஏறியிருக்க வேண்டும். லொக். லொக். லொக்.

தலைவர் நிமிர்ந்தார். நடுவர்கள் பேனா மூடியைத் திறந்து நூற்றுக்கு நூறு போட்டார்கள். அதன்பிறகுதான் வாசிப்பே தொடங்கியது.

அப்படி ஒரு வாசிப்பை அந்த அறை கேட்டதில்லை. தாழ்வான ஒரு சுரம் தரையோடு தவழ்ந்து வந்து, மெல்ல எழுந்து, கூரைவரை நிறைந்தது. பிஸ்கட்டுக்குப் போன பொருளாளரின் கை பாதியிலேயே நின்றது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரத்தம்யா! எங்க ரத்தம் பேசுது!"

இரண்டாவது ஆளும் மூன்று தடவை இருமினார். பிறகு வாசித்தார். எனக்கு மறுபடியும் லாரி ஞாபகம் வந்தது.

"இருமலையே காப்பியடிக்கறான் பாருய்யா!" என்று கொதித்த தலைவர், தன் கையாலேயே சைபர் போட்டார்.

நிருபர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். "நேர்மை வென்றது!" என்று முழங்கித் தலைவர் திரைக் கயிற்றை இழுத்தார். மடியில் ஹார்னோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், தொங்கிய முகத்தோடு தங்கை மகன்.

"மாமா, நான்தான் நீங்க சொன்னபடி இருமினேனே!"

கேமராக்கள் திரும்பின. தலைவர் தலைவர்தான், ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "பாவம், தம்பிக்கு யாராவது மருந்து வாங்கிக் குடுங்கப்பா" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணுக்கு மாலை போட்டார்.

ஒரு நிருபர் அவரிடம் கேட்டார்: "இவ்வளவு நேர்மையா ஒரு தேர்வு! எப்படி இருந்தது மேடம்?"

அவர் புகழ்ந்து சொல்லப்போவதைக் கேட்க, நாங்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு வரிசையாக நின்றோம்.

"இவங்ககிட்ட இதுக்கு முன்னாடியும் மூணு தடவை வந்து வாசிச்சிருக்கேங்க, இதே பாட்டத்தான்" என்றார் அவர். "அப்பல்லாம் பாத்தாங்க. இன்னைக்குத்தான் கேட்டாங்க."