ஒத்த டப்பாவும் தானாகச் சுட்ட துப்பாக்கியும்

வல்லக்கோட்டை சாலையில் ஒத்த டப்பா நடந்து வந்தால் நாய்கள்கூடக் குரைப்பதை நிறுத்திவிட்டு யோசிக்கும். அப்படியொரு மௌனம் அந்த மனிதருக்கு.

ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரகடம் பக்கம் வறண்ட ஏரியோரம் இருந்த துப்பாக்கி சுடும் கிளப்பில் தோட்டா தயாரித்தார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டின் அடியில், அடி விழுந்தால் பொறி கக்கும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்து நிரப்பி, வாயில் குண்டைச் செருக வேண்டும். மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். இரண்டாவது இருந்தால் கை மாறிப்போகும் என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

1991இல் நான் டிப்ளமோ முடித்து மறைமலை நகரில் ஒரு டூல் ரூமில் அளவு பார்க்கும் வேலையில் இருந்தேன். சுட்ட கூடுகள் நீண்டுவிடும். அவற்றை அளந்து கழித்துக்கட்ட ஞாயிறுதோறும் கிளப்புக்குப் போவேன்.

அவர் அறையில் செருப்பு கூடாது, மின்விசிறி கூடாது. ஈரச் சாக்கை மிதித்துத்தான் உள்ளே வரலாம். மருந்து ஊற்றும்போது யாரும் பேசக்கூடாது. பேசினால் வரிசையில் உள்ள எல்லாக் கூடுகளையும் டப்பாவில் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒருநாள் நான் தும்மிவிட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், கவிழ்த்தார். மறு வரிசை முடியும் தறுவாயில் அவரே தும்மினார். அதையும் கவிழ்த்தார்.

ஊற்றி முடித்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு டார்ச்சை எடுப்பார். இருட்டில் கூடுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒவ்வொன்றின் தொண்டையிலும் வெளிச்சம் அடித்து, குனிந்து பார்த்து, "உம்" என்பார். மருந்து இரட்டிப்பாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறார். அது தெரிந்த எனக்கே முதுகு சில்லிடும். இடுக்கு வழியாகப் பார்த்த வாட்ச்மேன் ஏழுமலையைக் கேட்கவே வேண்டாம்.

"இன்னாம்மா இது, செத்தவன் வாயில அரிசி கீதான்னு பாக்குற மாரி பாக்குறாரு?"

அத்தனை பாடும் ஒரு போர்க்காலத்துத் துப்பாக்கிக்காக. ஒன்று வெடித்ததும் அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம். கிளப் தனி அனுமதி வாங்கி வைத்திருந்தது. ஒத்த டப்பா வேலைக்கு வருவதற்கு முன்னால், விசையை யாரும் தொடாமலே அது ஒருமுறை சுட்டுவிட்டது. செத்த சிப்பாய் ஒருவன் அதில் குடியிருப்பதாக ஊர் முடிவு செய்தது. பொழுது சாய்ந்தால் துப்பாக்கி இருந்த அறைப் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். ஏழுமலை வாசலில் எலுமிச்சம்பழம் கட்டினார்.

"சிப்பாயும் இல்ல, சுண்டைக்காயும் இல்ல," என்பார் ஒத்த டப்பா. "எவனோ கேப்பைச் சரியா அமுத்தல. மயிரிழை துருத்திக்கினு இருந்திருக்கும். தோட்டாவ உள்ள தள்ளுற போல்ட்டு வந்து அறைஞ்சா வெடிக்காம முத்தமா குடுக்கும்?" பேய் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் மே மாதம் பக்கத்து ஊர்த் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு, எங்கள் பக்கத்தில் சைக்கிள் டியூப் வெடித்தாலும் கடைகள் கதவைச் சாத்தின. இன்னொரு முறை தானாகச் சுட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். விஜயதசமி காலையில் அவர் முன்னால் சோதனை. ஒத்த டப்பாவுக்குக் குடும்பம் கிடையாது. தினமும் அந்தத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட பிறகுதான் டீயே குடிப்பார்.

கிளப் செயலாளர் அவசரக்காரர். தோட்டாவைத் தானே பெட்டியிலிருந்து எடுத்தார்.

"சார், அடிப்பக்கம் ஒரு தபா தடவிப் பாத்துட்டு..." என்றார் ஒத்த டப்பா.

"நேத்தே தடவியாச்சு இல்ல? தள்ளுய்யா, ஐயாவுக்கு டைம் இல்ல."

அவர் தோட்டாவை உள்ளே போடும்போது துப்பாக்கிக் குழாய் எங்கள் பக்கம் திரும்பியது. ஒத்த டப்பா எட்டி அதை மண்மேட்டைப் பார்க்கத் தள்ளினார். போல்ட் பாய்ந்தது. விசையில் விரலே இல்லை. வெடித்தது.

மேட்டில் கிளம்பிய புழுதி ஓர் ஆள் உயரத்துக்கு எழுந்து, கலையாமல் அப்படியே நின்றது. காற்றே இல்லை. ஒரு காக்காய்கூடக் கத்தவில்லை. செயலாளர் பெஞ்சுக்கு அடியில் இருந்தார். இன்ஸ்பெக்டர் ஜீப்புக்குப் பின்னால்.

வெற்றுக்கூடு என் காலடியில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்தேன். அதன் அடியில் கருகிய குங்குமம். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தேன். எல்லாத் தோட்டாவுக்கும் அடியில், நட்டநடுவே, கேப் மேலேயே சந்தனமும் குங்குமமுமாகப் பொட்டு. முந்தின நாள் சாயங்காலம் ஆயுத பூஜைக்குப் பூட்டு, சைக்கிள், மண்வெட்டி என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்த ஏழுமலை, தடவிப் பார்த்து வைத்த இதையும் விடவில்லை. சந்தனம் காய்ந்து கல்லாகத் துருத்திக்கொண்டிருந்தது.

ஏழுமலையும் அதைப் பார்த்துவிட்டார். "சாமி, நான்தான்..." என்று தொடங்கினார்.

ஒத்த டப்பா கூட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பெட்டியை மூடினார்.

"என்னய்யா ஆச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆவிதான் சார். நான்தான் இத்தினி நாளா ஒத்துக்கல."

"நான் அப்பவே சொல்லல?" என்றது பெஞ்சின் அடி.

துப்பாக்கிக்குக் கடைசியாக எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி, அவரே ஜீப்பில் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்து ஒவ்வொரு தோட்டாவையும் பிரிக்க ஆரம்பித்தார். ஏழுமலை கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"அடுத்த வருசம் பொட்டிக்கு மேல வையி. உள்ளார கை வுடாத," என்றார் ஒத்த டப்பா. "போ, டீ சொல்லு. ஒனக்கும் சேத்து."

ஏழுமலை போன மாதம்தான் வேலையிலிருந்து நின்றார். அதுவரை யாராவது அந்தச் சிப்பாயைப் பற்றிக் கேட்டால், நானும் கண்ணால் பார்த்தேன் என்றே சொல்லிவந்தேன்.