இன்சார்ஜ் லிஃப்டில் இருக்கிறார்

உலகை இயக்குவது மின்சாரம் என்பார்கள். தவறு. ‘சார்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்தான் உலகை இயக்குகிறது. அது ஏறினால் செல்போன் பேசும். அதைக் கொடுத்தால் பஸ் நகரும். அதை எடுத்தால்தான் அதிகாரி அதிகாரி. சொல்லின் முன்பாதியிலேயே ஒரு ‘சார்’ சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், அதன் கௌரவத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்?

அந்த மகத்தான சொல்லுக்குத் தம்மையே அர்ப்பணித்தவர், நான்கு மாடிக் குடிநீர் அலுவலகத்தின் இன்சார்ஜ் அதிகாரி. பழைய அதிகாரி மாற்றலாகிப் போனதும், ‘புதியவர் வரும்வரை’ என்று இவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புதியவர் வரவில்லை, இவரும் எழுந்திருக்கவில்லை. ஏசி அறை, கார், கதவில் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். கையெழுத்துப் போடுவதை மட்டும் ஏற்கவில்லை.

லிஃப்ட் கிடுகிடுவென்று உதறுகிறது, பழுது பார்க்க உத்தரவு வேண்டும் என்று டைப்பிஸ்ட் அம்மா வந்து நிற்கும்போதெல்லாம் கனிவாகச் சொல்வார்:

“நான் வெறும் இன்சார்ஜ்தாம்மா. ஃபுல் சார்ஜ் எடுக்கறவர் வந்து போடட்டும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?”

அந்த நிதானத்தை நாம் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஒருநாள் மதியம், சாப்பிட்ட களைப்போடு அவர் தனியாக லிஃப்டில் ஏறினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் ஒரு விக்கல் விக்கி நின்றது. விளக்கும் அணைந்தது. செல்போனில் சார்ஜ் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவை அழைத்தார்.

“ஏம்மா, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்! மெக்கானிக்கை வரச்சொல்லு!”

“ஐயையோ! ஹெட்கிளார்க் சார் பக்கத்துலதான் இருக்கார், குடுக்கறேன்.”

ஹெட்கிளார்க் இவரிடமே தொழில் பழகியவர்.

“வணக்கம் சார். வெளியாளைக் கூப்பிடணும்னா இன்சார்ஜ் உத்தரவு வேணுமே.”

“நான்தான்யா இன்சார்ஜ்!”

“தெரியும் சார். ஆனா நீங்க சீட்ல இல்லையே.”

“இதோ, வாயாலயே உத்தரவு போடறேன்!”

“வாய் உத்தரவு செல்லாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக்குடுத்தீங்க?”

“மூச்சு முட்டுதுய்யா! சார்ஜை உன்கிட்டயே குடுத்துட்டேன், போதுமா?”

“எனக்கு எதுக்கு சார்? நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?”

போன் அணைந்தது. இருட்டில் அவர் கதவைக் குத்தினார், உதைத்தார். சட்டை நனைந்தது. மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. ‘வெளியே போய்விட்டால் போதும்’ என்று தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டார். எந்தத் தெய்வமும் சார்ஜ் எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே டைப்பிஸ்ட் அம்மா ஹெட்கிளார்க்கை ஏற இறங்கப் பார்த்தார். “உள்ள ஒரு மனுஷன் கதறுறான். என்ன வந்தாலும் என் தலைல விடியட்டும்” என்று தானே மெக்கானிக்கை அழைத்தார். அவன் வந்து, கம்பியால் நெம்பிக் கதவைத் திறந்தான்.

துவண்ட கீரைத்தண்டு போல வெளியே வந்த அதிகாரி, அந்த அம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். “நீ என் கூடப்பிறந்த தங்கச்சிம்மா!” என்று தேம்பினார். எல்லோரும் அழுதார்கள். ஹெட்கிளார்க் கொஞ்சம் உரக்கவே அழுதார்.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது: வெளியாளை வைத்து லிஃப்டை நெம்பச் சொன்னது யார்?

கேள்வி வந்தேவிட்டது! அதிகாரி தயங்கவில்லை.

“தங்கச்சி, ஒரு சார்ஜ் மெமோ டைப் பண்ணணும்.”

“யாருக்கு சார்?”

“உனக்குத்தாம்மா. மனசுல வெச்சுக்காத.”

அந்த அம்மா குறிப்பு நோட்டைப் பிரித்தார். பிறகு கேட்டார்: “சார்ஜுன்னா தமிழ்ல என்னன்னு சார் போடறது? பொறுப்பா, குற்றச்சாட்டா?”

“பார்த்துப் பொருத்தமாப் போடும்மா.”

தாள் வந்தது. தலைப்பில் இப்படி இருந்தது: ‘பொருள்: பொறுப்பை எடுத்துக்கொண்ட குற்றம்.’

அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை படித்தார். பிழை ஒன்றும் தென்படாததால், கையெழுத்துப் போட்டார்.