செம்பில் பேசிய ரங்கூன்

1946ஆம் வருஷம் சித்திரை மாதம் சங்கரன்கோவிலுக்கு ஒரு புதுவிதமான ரேடியோ வந்து சேர்ந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். ஒரு பித்தளைச் செம்பு போதும். ரயிலடிக்குப் போகிற ரோட்டில், புங்கமரத்தடியில் ஓலைப்பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த செம்புச்சாமி அதைக் காதில் வைத்தால் ரங்கூன் கேட்கும். சிங்கப்பூர் கேட்கும். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாத ஆள் எந்தக் காட்டில் கிடந்தாலும் அவன் குரல் கேட்கும்.

சாமிக்கு மட்டும்தான் கேட்கும். மற்றவர்களுக்குக் கேட்காது. இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டவன் ஊரில் நான் ஒருத்தன்தான்.

யுத்தம் முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பல வீடுகளில் ஆளும் வரவில்லை, சாவுச் சேதியும் வரவில்லை. அந்த வீட்டுப் பெண்களெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் ராயகிரியிலிருந்தும் மேலநீலிதநல்லூரிலிருந்தும் வண்டி கட்டி வந்தார்கள். கையில் கோழி, தேங்காய், நெல், கம்பு. சாமி செம்பைக் காதில் வைத்து, கண்ணை மூடி, "ம்... ம்... சொல்லு மக்கா" என்பார். பிறகு, "ஒன் மகன் நல்லா இருக்கான். முழங்கால்ல அடிபட்ட தழும்பு இருக்காம்லா, அது இப்ப வலிக்கலையாம்" என்பார். தழும்பு விஷயம் சாமிக்கு எப்படித் தெரிந்தது? தாய்க்காரி அங்கேயே மயங்கி விழுவாள்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் முத்துக்குமாரசாமி. சாமி இல்லை என்று சொல்லித் திரிகிறவனுக்குப் பெயரில் மட்டும் சாமிக்குக் குறைவில்லை. தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுவது தொழில். பகுத்தறிவு வாலிபர் சங்கம் என்று ஒன்றும் நடத்திவந்தேன். செயலாளர் நான். உறுப்பினர் தையல்காரர் சேக் மைதீன். அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். கூட்டம் அவர் கடையில் நடந்ததால், எழுந்துபோக வழியில்லாமல் உறுப்பினர் ஆனவர். நாற்பத்தைந்து வயதில் நான் எப்படி வாலிபன் என்று அவர் ஒருமுறை கேட்டார். சங்கத்தில் எழுந்த ஒரே கேள்வி அதுதான்.

செம்புச்சாமி மேல் எனக்கு வந்த கோபம் முழுவதும் பகுத்தறிவுக் கோபம் என்று சொன்னால் பொய். பாதி வயிற்றெரிச்சல். அந்தப் பெண்களுக்காக ராணுவ ஆபீசுக்கு மனு எழுதுகிறவன் நான். என் மனுவுக்குப் பதில் வர ஆறு மாதம் ஆகும். செம்புக்கு அரை நிமிஷம்.

ஆனாலும் ஒரு மனுவுக்குப் பதில் வந்துவிட்டது. மேலநீலிதநல்லூர் ஆறுமுகத்தாயின் புருஷன் துரைப்பாண்டி பூனா பக்கம் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறான். வலது கை போய்விட்டது. வீட்டார் விலாசம் தர மறுத்திருக்கிறான். உறவினர் யாரும் வராவிட்டால் மாதக் கடைசியில் வடக்கே ஊனமுற்றோர் விடுதி ஒன்றுக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஓடினேன். ஆறுமுகத்தாயும் அவள் அண்ணன் ராமசுப்பும் பந்தலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். படித்துக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ராமசுப்பு மட்டும் சிரித்தான்.

"அண்ணாச்சி, மச்சான் ரங்கூன்ல மரக்கடை வச்சிருக்காரு. போன வெள்ளிக்கெழமகூட சாமிகிட்ட பேசினாரு. ஆடியில வாராராம்."

"ஏலே, இது கவர்மெண்டு காயிதம். முத்திரை இருக்கு, பாரு!"

"சாமி சொல்லிட்டாரு. காயிதம் வரும், அத நம்பிப் போனா ஆள் வாரது தடைபட்டுப்போகும்னு."

பாருங்கள், உண்மை வரும் முன்னாலேயே அதற்கு மாற்றுமருந்து கொடுத்துவைத்திருக்கிறான் இந்தச் சாமி! கையில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிற புருஷனா, ரங்கூனில் மரக்கடை வைத்த புருஷனா என்று கேட்டால், எந்தப் பெண் எதை நம்புவாள்? நானாக இருந்தாலும் மரக்கடையைத்தான் நம்பியிருப்பேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாமியை ஊரறியச் சோதிப்பது என்று முடிவுசெய்தேன். எனக்கு உடன்பிறந்தவர் யாரும் கிடையாது. வரிசையில் நின்றேன். புங்கமரத்து நிழலில் காசிராஜன் என்பவன் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் சுக்குக்காப்பி கொடுத்துக்கொண்டிருந்தான். தர்மக் காப்பி. நானும் இரண்டு தம்ளர் குடித்தேன். என் முறை வந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாமி, என் தம்பி மலேயாவுக்குப் போனான், எப்படி இருக்கான்?" என்றேன்.

சாமி செம்பைக் காதில் வைத்தார். நெடுநேரம் கேட்டார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"செம்பு சிரிக்கிதுவே! தாய் வயித்துல ஒத்தப்பிள்ளையாப் பொறந்தவரு தம்பியத் தேடி வந்திருக்காரு!"

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. அதாவது, சாமியை. தாலுகா முழுவதும் மனு எழுதித் தந்த என்னை யாருக்குத் தெரியாது? காப்பிக்காரனுக்குத் தெரியாதா? அந்த யோசனை பந்தலை விட்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கு வந்தது. பகுத்தறிவு அன்றைக்குக் கொஞ்சம் தாமதம். சாயங்காலத்துக்குள் கூட்டம் இரண்டு மடங்கு. நாத்திகனையே மடக்கிய சாமி என்று பேச்சு. அந்த விளம்பரத்தைச் சாமி எங்கே தேடினாலும் கிடைத்திருக்காது. நான் ஓசியில் செய்துகொடுத்தேன்.

மறுநாள் சேக் மைதீன் கடையில் போய் உட்கார்ந்தேன். "சங்கத்தைக் கலைச்சிடலாம் பாய்" என்றேன்.

"கலைங்க" என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி. "ஆனா அந்த ஆறுமுகத்தாய்க்கு மாசம் முடிய ஒம்பது நாள்தான இருக்கு? அத யாரு பாக்கது?"

எழுந்து பஸ் ஏறி மேலநீலிதநல்லூர் போனேன்.

ஆறுமுகத்தாய் வாசலில் பருத்தி விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு வாதம் பண்ணத் தெம்பு இல்லை. கடிதத்தை மறுபடி ஒருதரம் படித்தேன். அவ்வளவுதான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"சாமிகிட்ட ஒங்க வீட்டுக்காரர் என்னதான் பேசுதாரு தாயி?" என்றேன், சும்மாதான்.

"செவலைப் பசு கன்னு போட்டுச்சான்னு கேட்டாராம். எங்க மாமியாருக்கு இருமல் தேவலையான்னு கேட்டாராம்."

"ஓகோ."

அவள் கை நின்றது. "பசு வாங்கினது அவுக போன பொறவுல்லா..." என்றாள். பிறகு என்னைப் பார்க்கவில்லை. விதையையும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் பஸ் ஏறினேன். என் வாழ்க்கையில் நான் ஆற்றிய மிகச் சிறந்த பகுத்தறிவுப் பிரசங்கம் அந்த "ஓகோ"தான்.

வெள்ளிக்கிழமை காலை நான் நான்கு பக்கம் பேச்சு எழுதிக்கொண்டு பந்தலுக்குப் போனேன். அடி விழுந்தாலும் படித்துவிடுவது என்று முடிவு. அதற்குள் ஆறுமுகத்தாய் முன்வரிசைக்குப் போயிருந்தாள். ராமசுப்பு கையில் கோழி.

"சாமி, எனக்கு ஒண்ணு தெரியணும்" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரவுக தனியா இருக்கையில என்னைய ஒரு பேரு வச்சுக் கூப்பிடுவாக. அதக் கேட்டுச் சொல்லுங்க. நான் ரங்கூனுக்கே நடந்து போயிருதேன்."

சாமி செம்பைக் காதில் வைத்தார். கண் மட்டும் காப்பிக்காரன் பக்கம் போனது. காசிராஜன் உதட்டைப் பிதுக்கினான்.

"தாயின்னு கூப்பிடுதான்."

"இல்ல."

"ஆறுமுகம்."

"இல்ல."

"ஏட்டின்னு கூப்பிடுதான்!"

பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டாள். "ஊர்ல எல்லா ஆம்பளையும் பொண்டாட்டிய அப்படித்தானே கூப்பிடுதான்!"

"இன்னைக்குக் கடல் எரைச்சல். சரியாக் கேக்கல" என்றார் சாமி.

ஆறுமுகத்தாய் சத்தம் போடவில்லை. "காப்பிக்காரரு கிட்ட நான் சொன்னதெல்லாம் ஒங்களுக்குக் கேக்குது சாமி. சொல்லாதது ஒண்ணுகூடக் கேக்கலையே" என்றாள்.

பிறகு கோமதித்தாய் என்று ஒருத்தி எழுந்தாள். "எம் மகன் தழும்பை நானும் காப்பிக்காரர்ட்டதான சொன்னேன்..." இன்னொருத்தி, "எங்க வீட்டுக்காரரு கடைசியாப் பொறப்பட்டுப் போகையில எம்புட்டு நேரம் அழுதாருன்னு கேளுங்க" என்றாள். மூன்றாவது ஒருத்தி எதுவும் கேட்கவில்லை. சாமி கையிலிருந்து செம்பைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள்.

"ஊ...ன்னு கேக்கு" என்றாள். "எங்க வீட்டுச் செம்பும் இப்படித்தான் கேக்கும்."

செம்பு கைமாறிக் கைமாறிப் போனது. எல்லாருக்கும் ஊ. சிலர் சிரித்தார்கள். கோமதித்தாய் மட்டும் அந்தச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் மகன் அன்றைக்குத்தான் இரண்டாம் முறையாகக் காணாமல் போனான். அதைப் பார்த்ததும் என் நான்கு பக்கப் பேச்சை மடித்துப் பைக்குள் வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒங்க மகனுக்கும் மனு எழுதுவோம் தாயி" என்றேன்.

சாமியும் காசிராஜனும் மச்சான்மார் என்பது பிறகு தெரிந்தது. தென்காசி ரயிலில் ஒரே பெட்டியில் ஏறினார்கள்.

நாங்கள் மூன்று பேர் பூனாவுக்குப் போக எதிர்த்திசை ரயில் ஏறினோம். ஆறுமுகத்தாய், ராமசுப்பு, இங்கிலீஷ் பேசுவதற்கு நான். என் இங்கிலீஷ் மனு எழுதுகிற இங்கிலீஷ். ஆஸ்பத்திரி வாசலில் சிப்பாயிடம் "மகாகனம் பொருந்திய ஐயா" என்றுதான் ஆரம்பித்தேன். அவன் பயந்துபோய் உள்ளே விட்டுவிட்டான்.

துரைப்பாண்டி ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தான். ஒரு சட்டைக்கை காலியாக மடித்து ஊசி குத்தியிருந்தது. எங்களைப் பார்த்ததும் போர்வையை இழுத்து அதை மூடினான். அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

"ஒத்தக்கையன வச்சு என்ன செய்யப் போற?" என்றான். குரல் உடைந்துவிட்டது. "ஏன் வந்த, கருப்பட்டி?"

நானும் ராமசுப்பும் வராந்தாவுக்கு வந்துவிட்டோம்.

இதோடு ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். நாங்கள் திரும்பி வந்தபோது, பந்தல் இருந்த இடத்தில் யாரோ அந்தச் செம்பைக் கவிழ்த்து வைத்து மஞ்சள் பூசிப் பூப் போட்டிருந்தார்கள். சாமி நல்லவர்தானாம், காப்பிக்காரன்தான் கெடுத்துவிட்டானாம். நாத்திகன் காப்பி குடித்த தீட்டில் செம்பு ஊமையாகிவிட்டது என்று இன்னொரு கட்சி. எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. அன்றைக்கும் சங்கத்தைக் கலைத்தேன்.

மறுநாள் ராமசுப்பு கச்சேரி வாசலுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, சிவகிரிப் பக்கம் ஒரு அம்மா தண்ணிய ஊத்தி வெளக்கு எரிக்காளாம். ஒரே கூட்டமாம். போவமா?"

பேனாவைக் கீழே வைத்தேன். "மறுபடி நம்பக் கெளம்பிட்டியாலே?"

"இல்ல அண்ணாச்சி. தண்ணி நம்ம கெணத்துல இருந்து கொண்டு போவோம்னு பாத்தேன்."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். சங்கத்துக்கு மூன்றாவது உறுப்பினர் கிடைத்துவிட்டான். நாட்டில் உள்ள கூட்டத்துக்கு மூன்று பேர் என்ன காணும் என்று கேட்கிறீர்களா? காணாதுதான். நீங்கள் எதற்கு இன்னும் கைகட்டி வரிசையில் நிற்கிறீர்கள்? ஒரு குடம் தண்ணீர் எடுத்துக்கொண்டு வாருங்கள்.