சமோக்காரன் சொன்ன மரம்

குஞ்சுகளுக்குக் கறையான் பிடிக்கத் தரையில் கவிழ்த்து வைத்த பானையை யம்பா தூக்கிப் பார்த்தான். உள்ளே வைத்த சாணம் இருந்தது, மரத்துண்டு இருந்தது. கறையான் மட்டும் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து நிலத்தில் தோயே தன் பானையைத் தூக்கியதும் கறையான்கள் வெள்ளை வெள்ளையாகக் கொட்டின. அவன் கோழிக்குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவந்தன.

யம்பாவுக்கு வயிறு எரிந்தது. தலைநகர் வாகடூகுவில் வேலை பார்க்கும் மகனுக்கு, அறுவடை முடிந்ததும் பெண் கேட்கப் போக வேண்டும். கையில் கோழி இல்லாமல் போனால் பெண்ணின் அப்பன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். அதற்குள் குஞ்சுகள் தேற வேண்டும். தேறக் கறையான் வேண்டும்.

“என் கறையானை இழுத்துக்கிட்டியாடா, திருட்டுப் பயலே?”

“அட அடிமையே, அதுக்குக் கண்ணு கிடையாது. மோப்பம்தான் எல்லாம். பூஞ்சணம் பிடிச்சு மக்கின மரத்தை வை, தானா வரும்.”

யம்பா மோசி இனம், தோயே சமோ. பாட்டன் காலத்திலிருந்தே இரண்டு இனத்துக்கும் கேலி உறவு. ஒருவரை ஒருவர் அடிமை என்று அழைக்கலாம், அடுப்பிலிருக்கும் களியைத் திருடலாம். கோபம் மட்டும் வரக்கூடாது. சமோக்காரன் மோசிக்காரனிடம் சொல்வதெல்லாம் கேலிதான் என்பது யம்பாவின் கணக்கு.

“விருந்தாளிக்கு அழுகல் சோறு வைக்கச் சொல்றான்! ஊர் கூடிச் சிரிக்கணும், அதானே?” என்று மனைவி போக்பியிடம் பொரிந்த யம்பா, தச்சனிடம் கெஞ்சி, வயிரம் பாய்ந்த மகோகனித் துண்டு ஒன்றை வாங்கிவந்து வைத்தான். மறுநாள் கறையான் வந்துபோன தடம்கூட இல்லை.

“அந்த மரம் அதுக்குக் கசக்கும்டா! பானையையும் கழுவித் தொலைக்காதே. முன்னால வந்ததுங்க விட்டுப்போன வாசனையைப் பிடிச்சுத்தான் மத்ததுங்க வரும்” என்றான் தோயே.

யம்பா அன்றே பானையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான்.

“வேப்பிலை மட்டும் வச்சிராதே!” தோயே வேலிக்கு அப்பாலிருந்து கத்தினான்.

யம்பா இரண்டு கை நிறைய வேப்பிலை வைத்தான். பானைக்குக் கீழே தரையில் மிச்சமிருந்த பழைய மண்புற்றும் காய்ந்து உதிர்ந்தது.

ஊர்த்தலைவரிடம் ஓடினான். “அவன் ஏமாத்தறான் ஐயா! நியாயம் சொல்லுங்க!”

“அவன் சமோ, நீ மோசி. இதுல ஏதுடா வழக்கு?” தலைவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “கோபப்பட்டதுக்கு நீதான் அபராதமா அவனுக்குக் கோலாக்கொட்டை வைக்கணும்.”

வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தான்.

இனி ஒரே வழிதான் பாக்கி: திருட்டு. உறவுமுறைப்படி அது குற்றமே இல்லை. காலையில் தோயே கிணற்றுப் பக்கம் போனதும், அவன் பானைகளில் ஒன்றை அடியோடு அள்ளிக்கொண்டு ஓடிவந்து, தன் குஞ்சுகள் நடுவில் கவிழ்த்தான்.

கறையான்கள் குவியலாக நெளிந்தன. குஞ்சுகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்று அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

“பாருடி இந்த அநியாயத்தை! நம்ம குஞ்சுங்களையும் அவன் பக்கம் இழுத்துட்டான்!”

போக்பி களி கிண்டுவதை நிறுத்தவில்லை.

“வயிறு நிறைஞ்சதுங்க எப்படித் திங்கும்? உங்க பானை காலியான நாள்லேருந்து, நீங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாலயே தோயே வந்து ஊட்டிட்டுப் போயிடறான். ‘சொல்லிடாதே தாயி, அந்த அடிமை நன்றி சொல்ல வந்துட்டா, அப்புறம் நான் அவனை எப்படித் திட்டறது’ன்னு என் வாயையும் கட்டிட்டான்.”