நான் விரலை ஆட்டிய ஜாஸ் கச்சேரி

எனக்கு ஜாஸ் தெரியாது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது. இருபத்தாறு வயதில் திருவண்ணாமலையிலேயே ஜாஸ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். (போட்டிக்கு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.)

எண்பதுகளின் தொடக்கம். மலையைச் சுற்ற வந்த வெள்ளைக்காரர்கள் மூன்று பேர், சாக்ஸபோன், கிடார், டிரம் சகிதம் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். உள்ளூர்த் தவிலோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டார்கள். எங்கள் கிளப்பில் இடம் கொடுத்தோம். கிளப் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வக்கீல்களும் வியாபாரிகளும் சீட்டாடும் ஒரே ஹால். பிங்பாங் மேஜையை வெளியே தூக்கிப் போட்டால் ஐம்பது பேர் உட்காரலாம். அதற்கு நான் துணைச் செயலாளர். பேங்க் கிளார்க் என்பதைவிட இதைத்தான் முதலில் சொல்லிக்கொள்வேன்.

அப்போது கீழ்பென்னாத்தூரில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். வசந்தாவை எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர்) மண்டி வைத்திருந்த அவள் அப்பாதான், யோசித்துச் சொல்கிறோம் என்றே ஒரு மாதம் ஓட்டினார். என் செல்வாக்கை நேரில் பார்த்தால் மசிந்துவிடுவார் என்று கணக்குப் போட்டு, குடும்பத்தோடு கச்சேரிக்கு அழைத்தேன். வறுத்த மல்லாட்டை ஒரு மூட்டையோடு வந்து, ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்.

முன்வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கவுரை ஆற்றினேன். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டவர், "கச்சேரி எப்ப தம்பி ஆரம்பிப்பாங்க?" என்றார்.

சாக்ஸபோன்காரர் கண்ணை மூடி, காதுக்கு எட்டியும் எட்டாமலும் வாசித்துக்கொண்டிருந்தார். தவில்காரர் மாணிக்கம் தன் முறைக்காகக் காத்திருந்தார். பின்னால் இரண்டு வக்கீல்கள் வாய்தா பற்றி விவாதித்தார்கள். பெரிய ரசிகன் திரும்பிப் பார்த்து அதட்டலாமா? எழுந்து நின்று, மேடையைப் பார்த்தபடியே, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டினேன். பேசாதீர்கள் என்று அர்த்தம்.

மாணிக்கம் முப்பது வருடமாகக் கல்யாணங்களுக்கு வாசிப்பவர். கூட்டத்தில் ஒருவன் அப்படி விரலை ஆட்டினால் தாலி கட்டுகிறார்கள் என்று அவர் மூளையைக் கேட்காமலே கைக்குத் தெரியும். கெட்டிமேளம் கொட்டிவிட்டார். சாக்ஸபோன்காரர் துள்ளி எழுந்தார். சபை மட்டும் லேசுப்பட்டதா? மேளம் கேட்ட பழக்கத்தில், கையில் இருந்ததை அட்சதையாக எடுத்து, முன்வரிசையில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆளான என்மேல் வீசியது. முதல் பிடி மல்லாட்டை பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. (யார் போட்டது என்று வசந்தா இன்றுவரை சொல்வதில்லை.) பிறகு பலத்த கைதட்டல். அன்றைக்கு கிளப் கைதட்டியது அதற்கு மட்டும்தான்.

பெண் கைவிட்டுப் போய்விட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"மேளம் கொட்டி அட்சதையும் போட்டாச்சு. இனிமே வேணாம்னு சொன்னா நல்லாருக்காது. அப்பாவ வந்து பேசச் சொல்லுங்க தம்பி."

மூன்றாம் மாதம் கல்யாணம். மேளத்துக்கு அதே மாணிக்கம். முகூர்த்த நேரத்தில் என் பெரியப்பா விரலை ஆட்டினார். ஒருமுறை ஏமாந்த மாணிக்கம், குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிஜம்தானா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தேன். மூன்று முடிச்சும் போட்டு நிமிர்ந்து தலையாட்டிய பிறகுதான் மேளம் வந்தது.

இப்போதும் சண்டையில் நான் விரலை நீட்டிப் பேச ஆரம்பித்தால் வசந்தா நிதானமாகச் சொல்வாள்: "கைய எறக்குங்க. ஒரு தபா ஆட்டினதுக்கே இன்னும் அனுபவிக்கிறேன்."